கோழி ஐயாவுக்கு வந்த கடிதம்

இந்த நாட்டில் தபால்தலை ஒட்டாத கடிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம். புக்கிட் ரோத்தானுக்கு வெளியே, நான் எடைமேடையில் லோரிகளை நிறுத்துப் பிழைக்கும் செம்பனை எண்ணெய் ஆலைக்கு எதிரே, சீனர் ஒருவரின் மளிகைக்கடை இருக்கிறது. சுற்றுத் தோட்டங்களுக்கு வரும் கடிதங்களைத் தபால்காரர் அங்கே ஒரு கம்பிக்கூடையில் போட்டுவிட்டுப் போவார். வெங்காயம் வாங்க வருகிறவர்கள் தங்கள் பெயரைத் தேடி எடுத்துக்கொள்வார்கள். சில பழுப்பு உறைகளில் தலை ஒட்ட வேண்டிய மூலை மொட்டையாக இருக்கும். மேலே ‘உருசான் ஸ்ரீ பாடுகா பகிண்டா’ என்று கறுப்பு அச்சு. பேரரசரின் பணி நிமித்தம் என்று பொருள். நான் கப்பலிறங்கிய புதிதில் அப்படி ஓர் உறை எனக்கும் வந்தது. ஊரில் தலையில்லாமல் வரும் கடிதத்துக்கு வாங்குகிறவன் இரட்டைக் கட்டணம் அழ வேண்டும். அதனால் கையெழுத்தைப் பார்த்து, ஆளை ஊகித்து, பாதிப்பேர் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் உறையைத் தபால்காரரிடம் நீட்டி, அன்றைக்குத் தெரிந்திருந்த நாலைந்து மலாய்ச் சொற்களைக் கோத்து, “கெபாலா தாடா” என்றேன். தபால்தலை இல்லை என்று சொன்னதாக எனக்கு எண்ணம். தலை இல்லை என்று மட்டும் அந்த மலாய்க்காரருக்குக் கேட்டிருக்கிறது. அவர் தம் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார். உறையை என் சட்டைப்பையில் செருகிவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். அடையாள அட்டைக்கு ரேகை பதிய வரச்சொல்லும் அழைப்பு அதற்குள் இருந்தது. பாடுகா என்பது நம்முடைய பாதுகைதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ராஜாவின் பாதுகை தோட்டம் தோட்டமாக நடந்து வருகிறது. அதனிடம் போய்த் தலை எங்கே என்று கேட்டிருக்கிறேன்.

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் கடிதத்தின் உடம்பைப் பார்த்தே சேதி தெரிந்துவிடும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம். ஓரத்தில் கறுப்பு இருந்தால் வாசலுக்கு வெளியிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுத் தலை முழுகுவோம். பொய்க் கடிதமும் உண்டு. அது அஞ்சலட்டையில் வரும். இன்ன சாமி இன்ன ஊரில் பாம்பாகத் தோன்றியது, இதைப் படித்தவர் பிரதி எடுத்துப் பலருக்கு அனுப்ப வேண்டும், அலட்சியம் செய்தவர் ரத்தம் கக்கினார் என்று இருக்கும். என் அக்கா பயந்துபோய், கை வீங்க எழுதி அனுப்பினாள். அவள் அனுப்பிய ஓர் அட்டை தெரு சுற்றி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. அதற்கும் அவள் பிரதி எடுத்தாள். அங்கே பொய் மிரட்டிக்கொண்டு வரும். இங்கே பொய் மரியாதையாக வரும் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. நான் சொல்லப்போவது எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் நடந்தது. எனக்கு நடந்ததும் இல்லை, பாக்கியத்துக்கு நடந்தது.

பாக்கியம் ஆலையை ஒட்டிய தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவள். செம்பனை மரத்தடியில் உதிரும் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டும் வேலை. கணவன் இல்லை. ஒரே மகளை ராவாங்கில், தொழிற்சாலை வேலைக்குப் போகும் மோகனுக்குக் கொடுத்திருக்கிறாள். என்னை விட இரண்டொரு வயது சிறியவள் என்பதால் என்னை அண்ணே என்பாள். கோபம் வந்தால் ஊர்க்காரரே என்பாள். அவள் பிறந்தது உலு யாம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். பிறந்த பிள்ளையைப் பதிந்து வைக்க வேண்டும் என்று அவள் அப்பா கருப்பனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதற்காக ஒருநாள் பால்வெட்டை விட்டுவிட்டுப் போயிருப்பாரா என்பது சந்தேகம். அதனால் அவளுக்குச் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்கான நிறம். இந்தியாவிலிருந்து வந்தவள் என்று அதற்குரிய பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள். இந்தியாவை அவள் காலண்டர் படத்தில் பார்த்திருக்கிறாள். இந்தியாவில் பிறந்து, கப்பலில் வாந்தியெடுத்தபடியே வந்து சேர்ந்த என்னிடம், கொஞ்சம் இலகுவாகக் கிடைத்த காலத்தில் வாங்கிய, குடியுரிமை உள்ளவர்களுக்கான நீல அட்டை இருக்கிறது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருவதில்லை, வருத்தமும் வருவதில்லை. ஒரு கணக்கை யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள், அதற்கு மேல் நாங்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

மாற்றி எழுதியது அது ஒன்றை மட்டுமா. அட்டையில் பெயரைப் பதிந்தவர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் போட்டு வைத்தார். அதை வாசித்தால் பகாயாம் என்று வரும். மலாயில் பாக் என்றால் ஐயா, ஆயாம் என்றால் கோழி. அரசாங்க மருந்தகத்தில் தாதி, “பாக் ஆயாம், பாக் ஆயாம்” என்று கூப்பிட்டுக்கொண்டே ஒரு கிழவரைத் தேடுவாள். பெஞ்சில் இருப்பவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். பாக்கியம் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்து போவாள். “கொக்கரக்கோன்னு ஒரு தடவ கூவிட்டுப் போகணும்ணே, அப்பத்தான் ஆள் சரின்னு நம்புவாளுக” என்று திரும்பி வந்து சொல்வாள். சொல்லும்போது சிரிப்பாள். ஆனாலும் அந்தச் சிரிப்பு முகத்தில் ரொம்ப நேரம் இருக்காது.

அந்த வருடம் தோட்டத்தைக் கூறுபோட்டு விற்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. லயங்களை இடித்துவிடுவார்கள். இருப்பவர்கள் அரசாங்கத்தின் மலிவு வீட்டுக்கு மனுப் போடலாம், ஆனால் நீல அட்டை இருக்க வேண்டும் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து சொல்லிவிட்டுப் போனார். பாக்கியம் குடியுரிமைக்கு எழுதிப் போட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அதுவரை நீலம் அவளுக்கு ஓர் ஆசையாக இருந்தது. அந்த மழைக்காலத்தில் அதுவே கூரை ஆகிவிட்டது. அப்போதுதான் ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன.

ஒன்று பழுப்பு உறையில், கடைக் கூடை வழியாக வந்தது. உள்ளே மெல்லிய தாள், அதில் கார்பன் மசியில் கலங்கிய நீல எழுத்து. கையெழுத்தும் இல்லை, முத்திரையும் இல்லை. இன்ன செவ்வாய்க்கிழமை நேர்காணலுக்கு வரவும் என்ற அளவில்தான் வாசிக்க முடிந்தது. இன்னொன்றை, கழுத்துப்பட்டை கட்டிய ஓர் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார். சில வாரங்களுக்கு முன்பு லயத்தில் வீடு வீடாக வந்து, சிவப்பு அட்டைக்காரர்களின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர் அவர்தான். நல்ல தமிழ் பேசுவார். செருப்பை வாசலிலேயே விடுவார். அவர் தந்த வெள்ளைத் தாள் விறைப்பாக, தடவினால் கையில் வழுக்கியது. தலைப்பில் அரசாங்கச் சின்னத்தின் இரண்டு புலிகள், அடியில் ஊதா மசியில் வட்டச் சாப்பு, அதன் பக்கத்தில் இன்னொரு சாப்பு. முத்திரைக்கு இங்கே சாப்பு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ராவாங்கில் ஒரு மாடிக்கு வந்து சிவப்பு அட்டையை ஒப்படைத்து, கட்டணம் கட்டினால் நீலம் தயார் என்று அதில் இருந்தது. “கள்ளக் கடிதம் நெறைய சுத்துதும்மா, ஏமாந்துடாதீங்க” என்று அவரே எச்சரித்துவிட்டுத்தான் போனார். இந்த வெள்ளைத் தாளைப் பதிவு அலுவலகத்தில் காட்ட வேண்டாம், உள்ளே சிலருக்கு இது பிடிக்காது என்றும் சொன்னாராம்.

மாமியாரைப் பார்க்க வந்த மோகன் இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

“அத்தை, இது பாருங்க, சாப்பு இல்ல, சைன் இல்ல, பேப்பர் வேற ரோஜாக் மாதிரி கசங்கிக் கெடக்கு. ஃபேக் லா இது. வேணுன்னா அங்கிளக் கேளுங்க.”

ரோஜாக் என்பது இங்கே விற்கும் காய்கனிக் கலவை. அங்கிள் என்பது நான். நான் இரண்டு தாளையும் வாங்கித் தடவிப் பார்த்தேன்.

“அந்த வெள்ளைய வாசி” என்றாள் பாக்கியம்.

“புவான் பாக்கியம், அனாக் பெரெம்புவான் கருப்பன்.” கருப்பன் மகள் திருமதி பாக்கியம் என்று அர்த்தம்.

“இன்னொரு தரம் வாசி.”

“ஏன், வெளங்கலையா?”

“வெளங்கிருச்சு. வாசின்னா வாசியேன்டா.”

அவன் மறுபடியும் வாசித்தான். முறத்தில் அரிசியைப் பரப்பியிருந்த அவள் கை கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. புலிக்கோ சாப்புக்கோ அவள் மயங்கவில்லை என்பதை நான் அப்போதே பார்த்தேன். பெயருக்கு மயங்கினாள்.

இருந்தாலும் மனசு கேட்காமல் ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் பழுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கோலசிலாங்கூர் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். வெள்ளை, வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. எங்கள் முறை வரும்போது தொழுகை நேரம் நெருங்கிவிட்டது. சாளரத்தில் இருந்த இளைஞன் தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, “இனி புக்கான் அஸ்லி” என்றான். இது அசல் இல்லை. பிறகு, அசல் எங்கே, அதைக் கொண்டுவா என்பது போல் ஏதோ சொல்லிக்கொண்டே பலகையை இழுத்து மூடினான். பாக்கியம் என் முகத்தைப் பார்த்தாள். நான், “அசல் இல்லைங்கிறான்” என்றேன். நெய் அசலா என்று கேட்கிற நாம்தான் பத்திரத்தின் அசல் எங்கே என்றும் கேட்கிறோம். பொய் இல்லாததும் பிரதி இல்லாததும் நமக்கு ஒரே சொல். மலாய்க்காரர்களுக்கும் அப்படியே. நம்மிடமிருந்து அவர்களுக்குப் போனதா, இரண்டு பேருமே அரபுக்காரர்களிடம் வாங்கியதா, எனக்குத் தெரியாது. அவன் சொன்னது இது பிரதி என்று. எங்களுக்குக் கேட்டது இது பொய் என்று. ஆற்றங்கரையில் பேருந்துக்கு நின்றபோது, தாளைச் சுருட்டிக் குடைக்குள் செருகிக்கொண்டு அவள், “மோகன் சொன்னது சரிதான்ணே. அவனும் எப்பவாச்சும் சரியாச் சொல்லணும்ல” என்றாள். அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. இரண்டில் எது என்ற பாரம் இறங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ராவாங்குக்கு நானும் கூடப் போனேன். ஒரு கடையின் மேல்மாடி. மடக்கு நாற்காலிகளில் சிவப்பு அட்டைக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். சுங்கை பஞ்சாங்கிலிருந்து முதல் பேருந்து பிடித்து வந்தவர்கள்கூட இருந்தார்கள். எல்லோரும் கோயிலுக்கு உடுத்துவதை உடுத்தியிருந்தார்கள். கழுத்துப்பட்டைக்காரர் வாசலிலேயே அட்டைகளை வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தார். எவ்வளவு அழகாக அழைத்தார் என்பதை எழுதத்தான் வேண்டும். வீரம்மாள், சின்னக்கண்ணு, மருதாயி. நாற்பது வருடமாக வேறு வேறு ஒலிகளாக நசுங்கிக் கிடந்த பெயர்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கூப்பிடப்பட்டவர்கள் பரிசு வாங்கப் போகிறவர்கள் போல நடந்தார்கள்.

“கருப்பன் மகள் பாக்கியம் அம்மா.”

அவள் எழுந்திருக்கவில்லை. நான் முழங்கையால் தொட்டேன்.

“அண்ணே, கவர்மெண்டுல யாருண்ணே என்னை இப்பிடிக் கூப்புடுவா?” என்றாள், மெதுவாக. பிறகு எழுந்து மேசைக்குப் போனாள்.

“தம்பி, என் ஐசிய எடுத்து என்ன போட்டிருக்குன்னு வாசிங்க.”

அவர் டின்னில் துழாவி அவள் அட்டையை எடுத்தார். ஒரு நொடி தயங்கினார். “அதுல ஸ்பெல்லிங் மிஸ்டேக்மா. நான் சரி பண்ணிட்டேன்.”

“நீங்க பண்ணீங்களா?”

“ஆமாம்மா.”

“அப்ப கவர்மெண்டு பண்ணலையா?”

மேசையின் இந்தப் பக்கம் நாற்காலிகள் கிரீச்சிட்டன. அவர் சிரிக்க முயன்றார். அவள் அவர் விரலிடுக்கிலிருந்து அட்டையை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். “கோவிச்சுக்காதீங்க தம்பி. இருபது வருசமா என்னைக் கோழின்னு கூப்புட்ட கவர்மெண்டு, ஒரே வாரத்துல தமிழ் படிச்சுக்கிட்டு வராது.” யாரோ சிரித்தார்கள். வேறு யாரோ, வாயை மூடிக்கிட்டுப் போகச் சொல்லு, நம்ம காரியத்தைக் கெடுக்கிறாள் என்றார்கள். ஒரு சிலர் எழுந்து டின்னருகே வந்து தங்கள் அட்டையைக் கேட்டு வாங்கினார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த மாடியில் பெயருக்குக் கிடைத்த மரியாதையை விட்டுவிட்டுப் படியிறங்குவது லேசான காரியம் இல்லை. அடுத்த வாரம் அந்த மாடி பூட்டிக் கிடந்ததாக மோகன் வந்து சொன்னான்.

படியிறங்கியதும் அவள் குடையை உதறி, மழையில் ஓரம் ஊறிப்போயிருந்த பழுப்புக் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். “இதுல எம்பேரு எப்பிடி இருக்கு, வாசிங்க.”

“பகாயாம்.”

“அதான் கவர்மெண்டு” என்றாள்.

செவ்வாய்க்கிழமை அந்த ஊறிய தாளோடு மறுபடியும் போனோம். சாளரத்தில் வேறு ஆள், ஒரு நடுவயதுப் பெண். அசல் கடிதம், மனுவில் கொடுத்திருந்த பழைய முகவரியான உலு யாம் தோட்டத்துக்குப் பதிவுத் தபாலில் போயிருக்கிறது, இந்தத் தோட்டத்துக்கு வந்தது அதன் சாலினான், அதாவது நகல், நகல் இருந்தாலும் போதும் என்று அவள் ஒவ்வொரு சொல்லாகப் புரியும்படி சொன்னாள். அசல் உலு யாமில், நகல் இங்கே. பாக்கியம் அதை மலாயில் உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். உள்ளே கேட்டால் திணறக்கூடாதே என்று அவளுக்குக் கவலை. மொழி தெரிகிறதா என்று பார்ப்பதற்குத்தானே நேர்காணலே.

“பாக் ஆயாம்” என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவள், “சாயா, துவான்” என்று எழுந்தாள். நான்தான் ஐயா என்று அவ்வளவு உறுதியாக அவள் சொல்லி அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. கதவு திறந்தே இருந்தது. சொங்கோக் தொப்பி அணிந்த வயதான அதிகாரி, நிமிர்ந்து பெண்ணைப் பார்த்து, தாளைப் பார்த்து, முதல் கேள்வியைக் கேட்டார். “அசால் மானா?”

மலாயில் அசால் என்றால் பூர்வீகம். எந்த ஊர்க்காரி நீ என்று அவர் கேட்கிறார். அவள் காதில் விழுந்தது, அசல் எங்கே என்பது.

“அசால் உலு யாம், துவான்” என்றாள் உடனே. பிறகு கையிலிருந்த ஊறிய தாளைக் காட்டி, “சினி சாலினான் சஹாஜா” என்றும் சேர்த்துக்கொண்டாள். இங்கே இருப்பது நகல் மட்டும்தான்.

அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். பூர்வீகம் உலு யாம், இங்கே இருக்கும் நான் வெறும் நகல் என்று சொல்லும் ஒருத்தியை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். அவர் தோள் குலுங்கியது. பின்பு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுதினார். பிறந்த இடத்துக்கு நேராக இந்தியா என்று இருந்ததை அடித்தாரா, பக்கத்தில் எழுதினாரா, எனக்குத் தெரியவில்லை. அதன்பின் கேட்ட கேள்விகள் எளிதாக இருந்தன. திரும்பும் வழியில் நான் அவளுக்கு இதை விளக்கினேன்.

“அப்ப தப்பாச் சொல்லித்தான் சரியாச் சொன்னனா?”

“ஆமா.”

“நல்லவேள, உங்களக் கேட்டுட்டுச் சொல்லல” என்றாள்.

நீலம் வருவதற்கு மேலும் ஒரு மழைக்காலம் ஆயிற்று. சத்தியப்பிரமாணமெல்லாம் முடிந்து, சிவப்பைக் கொடுத்துவிட்டு நீலத்துக்கான சீட்டை வாங்க அவள் வந்த அன்று நான் உடன் இருந்தேன். பெயரைத் திருத்த முடியுமா என்று கேட்டோம். முடியும், அதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும், இல்லையென்றால் கோப்பை மறுபடியும் முதலிலிருந்து திறக்க வேண்டும் என்றார் எழுத்தர். பாக்கியம் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பிறகு சிவப்பு அட்டையை இடுப்பிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். அதில் ஒரு பக்கமாகப் பூ வைத்து, கண்ணை அகல விழித்திருக்கும் இளம்பெண். எழுத்தர் அதை வாங்கி ஒரு மூலையைக் கத்தரித்து, ரப்பர் வளையம் போட்ட சிவப்பு அட்டைக் கட்டுகளுக்கு நடுவே இழுப்பறையில் போட்டு, முழங்காலால் இடித்து மூடினார். அவள் நகரவில்லை.

“போலாமா?” என்றேன்.

“அந்தப் புள்ள இனிமே என்னண்ணே பண்ணும்?”

என் இந்தியக் கடவுச்சீட்டையும் இப்படித்தான் ஒருவர் வாங்கி மூலையை வெட்டி எங்கோ போட்டார். எண்ணெய் வைத்துப் படிய வாரிய பத்தொன்பது வயதுப் பையன் அதற்குள் இன்னும் மன்னார்குடிக்காரனாகவே இருப்பான். அவன் இந்தியாவை விட்டு வந்தவன். இழுப்பறைக்குள் இருக்கும் அந்தப் பெண்ணோ இந்தியாவைப் பார்க்காமலே இந்தியாக்காரியாக இருந்தவள். இரண்டு பேருக்கும் இனி வயது ஏறப்போவதில்லை.

பேருந்து வந்தது. பாக்கியம் முன்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் தன் கைப்பையை வைத்து, பின்னால் ஒருத்தி ஏறி வரப்போகிறாள் என்பது போல அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டாள். நான் அவளைத் தாண்டிப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். புக்கிட் ரோத்தான் வரும்வரை அந்த இடத்தை அவள் யாருக்கும் விடவில்லை.